பைப்படியில் ஒரு பேசின் மண்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பைப்படியில் பேசினில் மண் கரைத்து வைத்திருந்தால் அது எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் நாய் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நாயின் எச்சிலோ ஈர உடம்போ நம் மீது பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்திலேயே எல்லோருக்கும் சொல்லித் தந்துவிடுவார்கள். ஆனால் கல்முனைக்குடியில் பெரும்பாலான பெண்கள் அப்படிக் கழுவ வேண்டிய தேவையே வராமல் வாழ்ந்து மௌத்தாகிறார்கள். நானும் அப்படித்தான் போய்ச் சேருவேன் என்று நினைத்திருந்தேன். என் வாய்தான் கெடுத்தது.

நான் வீட்டு முன்னறையில் பெண்களுக்குப் புருவம் எடுக்கிறவள். பேஷியல், ப்ளீச், கலியாணப் பெண்ணுக்கு மருதோன்றி, எல்லாம் செய்வேன். வாசலில் போர்ட் எதுவும் இல்லை. ஒரு சாய்கதிரை, ஒரு பெரிய கண்ணாடி, ஒரு ஒடுங்கிய கட்டில், யன்னலுக்குக் கனமான திரை, அவ்வளவுதான். கணவர் கட்டாரில் இருக்கிறார். மகள் பேராதனையில் படிக்கிறாள். வீட்டில் நான் தனி என்றாலும் தனிமை என்பதே கிடையாது. காலையிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் பெண்கள் வந்துபோவார்கள். எந்தச் சம்பந்தம் குழம்பியது, யார் வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனார் என்பதெல்லாம் என் கதிரையில் சாய்ந்து கிடந்துதான் ஊருக்குள் பரவும். மற்றவர்களின் மானம் எப்படிப் போகிறது என்பதைத் தினமும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். அதனால்தான் என் மானத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம்.

இந்தத் தொழிலை நானும் ஒரு தோழியும் ஒன்றாகப் படித்தோம். அவள் கல்முனையில் தமிழர் பக்கம் இருப்பவள், மெதடிஸ்ட் குடும்பம். கலியாணம் செய்யவில்லை. நான் முதன்முதலில் நூலைப் பல்லில் கடித்துப் பிடித்தது அவளுடைய புருவத்துக்குத்தான். ஒரு பக்கப் புருவத்தைப் பாதியாக்கிவிட்டேன். முடி வளரும்வரை பென்சிலால் வரைந்துகொண்டு திரிந்தாள். யார் இப்படிச் செய்தது என்று படிப்பித்தவர் கேட்டபோது, தானே கண்ணாடி பார்த்து எடுத்ததாகச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. கொழும்புக்குப் போய் நீண்ட நாள் தங்கி மருந்தேற்ற வேண்டும் என்றார்கள். கொழும்பில் அவளுடைய அக்கா இருந்ததால் தங்குவதற்குப் பிரச்சினை இல்லை. அவளுக்கு இருந்த ஒரே கவலை அவளுடைய நாய். வயதான பெட்டை நாய், பழுப்பு நிறம். உண்ணிக் காய்ச்சல் வந்து பின்னங்கால்கள் பலமிழந்து, முதுகில் முடி கொட்டிப் புண்ணாகி இருந்தது. காலையும் மாலையும் குளிசை கொடுக்க வேண்டும், புண்ணுக்கு மருந்து பூச வேண்டும். அக்காவின் வீடு மூன்றாம் மாடியில், நாய்க்கு அங்கே இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு வைக்க ஒப்புக்கொண்டார்கள், மருந்து கொடுக்கப் பயந்தார்கள்.

அவளைப் பார்க்கப் போன அன்று அவள் இதையெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

"நாய நான் பாக்கிறன். நீ யோசிக்காமப் போ" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கதைப்போம். சோற்று நேரத்தில் யாராவது வாசலுக்கு வந்தால் சாப்பிட்டுப் போகச் சொல்வோம். அவர்கள் வேண்டாம் என்பார்கள். சட்டியில் சோறு இல்லை என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதெல்லாம் ஒரு மரியாதை. அவள் 'உனக்கு ஏலாதுகா, உங்கட ஆக்களுக்கு நாய் சரிவராதே' என்பாள், நான் இன்னொரு தரம் வற்புறுத்துவேன், அத்துடன் பேச்சு முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர்தான் உன்ன அனுப்பினவர். நீ வாங்கிக்கொண்டா நான் பயமில்லாமப் போவன். நான் வாறவரைக்கும் அவள உசிரோட வெச்சிரு, அது போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்பது? தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து ஆட்டோவில் நாயைக் கொண்டுவந்து பின்வாசலால் இறக்கினாள். அதன் காதுக்குள் அதன் பெயரைச் சொல்லி ஏதோ பேசினாள். பெண்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி ஒரு பெயர். பிறகு மருந்துப் பையை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

வளவின் பின்பக்கம் முன்பு கோழி வளர்த்த ஒரு கொட்டில் இருந்தது. அதைக் கூட்டித் துப்புரவாக்கி, சாக்கு விரித்து, நாயை அங்கே கட்டினேன். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்க மதில் பக்கம் ஒரு தகரத்தைச் சாத்தினேன். நல்லவேளையாக அது குரைக்கிற நாய் இல்லை. குரைக்கப் பலமும் இல்லை. நான் அதை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்று 'ச்சூ', 'இஞ்ச' என்றே காலத்தை ஓட்டினேன். அதுவும் புரிந்துகொண்டு வந்தது.

அவித்த சாளை மீனைப் பிசைந்து குளிசையை உள்ளே வைத்துக் கொடுப்பேன். ப்ளீச் பூசுவதற்கு வைத்திருந்த கையுறைகள் இருந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டால் போதும், கழுவல் வேலை இல்லை என்று நினைத்தேன். மருந்துச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டிய முதல் நாளே அந்த நினைப்பு போய்விட்டது. தண்ணீரை ஊற்றி முடித்ததும் நாய் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. என் முகம், முந்தானை, கொடியில் காய்ந்த போர்வை, எல்லாவற்றிலும் தெறித்தது. அன்று அஸர் வரைக்கும் கழுவினேன். எங்கள் வளவு முழுவதும் கடற்கரை மணல், மற்ற இடமெல்லாம் சீமெந்து. அதனால் பூச்சாடிக்கென்று வாங்கி வைத்திருந்த செம்மண் மூட்டையைப் பிரித்துச் சலித்து, ஒரு பேசினில் கரைத்து, பின்பக்கப் பைப்படியில் வைத்துக்கொண்டேன்.

புண்ணுக்கு மருந்து பூச ஒரு புதுப் பிரஷை ஒதுக்கினேன். பெண்களின் முகத்துக்குப் பூசுகிற பிரஷ்களோடு மாறிவிடாமல் இருக்க அதன் பிடியில் சிவப்பு நூல் கட்டி, சமையலறைக் கூரையில் செருகி வைத்தேன். அப்படியும் திருப்தியில்லை. கதிரையில் இருக்கிற பெண்ணின் கன்னத்தில் பிரஷை வைக்குமுன் ஒவ்வொரு தரமும் பிடியைப் பார்ப்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் மருந்து பூசும்போது, மொட்டையாகக் கிடந்த முதுகில் மெல்லிய முடி அரும்பியிருந்ததைக் கண்டேன். இத்தனை வருடமாக எத்தனையோ முகங்களைப் பளபளப்பாக்கியிருக்கிறேன், ஒரு முகத்திலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம். அதைத் தோழியிடம் மட்டும் சொன்னேன். அவள் கொழும்பிலிருந்து வீடியோவில் கதைப்பாள். என்னைப் போலவே அவளும் இப்போது தலையை மூடியிருந்தாள். போனை நாயின் முன்னால் பிடிக்கச் சொல்லி, அதன் பெயரைக் கூப்பிடுவாள். நாய் காதைத் தூக்கிக்கொண்டு தகரத்துக்குப் பின்னாலும் கதவுப் பக்கமும் அவளைத் தேடும். நானோ அவள் கூப்பிடத் தொடங்கும்போதே போனின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். "என்ட குரல் அவளுக்குக் கேக்குதா?" என்று கேட்பாள். "ஓம், கேக்குது" என்பேன்.

இப்படி இருக்கும்போது மதினி வந்தார்.

மதினி என்பது என் கணவரின் மூத்த சகோதரி. இறக்காமத்தில் இருக்கிறவர். புருஷன் மௌத்தான பிறகு வயலைத் தானே நின்று செய்விக்கிறார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார், ஆகையால் இந்த வீடு என்னுடையது, மதினி இங்கே விருந்தாளி. ஆனால் அவர் வாசலில் கால் வைத்தால் நான்தான் விருந்தாளியாகிவிடுவேன். அவர் ஒரு பார்வை பார்த்தால் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த சாமான்கூட எழுந்து வந்து சலாம் சொல்லும். கணவரின் உறவில் ஒரு கலியாணம், அதற்காக ஒருநாள் முந்தியே பஸ்ஸில் வந்து இறங்கினார். முன்னறையில் அப்போது கலியாணப் பெண்ணின் உம்மாவும் அடுத்த தெருப் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். மதினி நேராகப் பின்பக்கம் கால் கழுவப் போனார். நானும் நூலை வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

"என்னகா இது, பைப்படியில மண்ணக் கரைச்சு வெச்சிரிக்காய்?"

அவருடைய குரல் வயலில் ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல். முன்னறை வரைக்கும் கேட்டது. கலியாணப் பெண்ணின் உம்மா எட்டிப் பார்த்தார். பைப்படியில் மண் என்றால் என்ன என்று இனி ஒரு விநாடியில் இரண்டு பேருக்கும் விளங்கிவிடும், இருட்டுவதற்குள் ஊருக்கு விளங்கிவிடும்.

"அது ஃபேஸ் பேக், மதினி" என்றேன். "இப்ப இதத்தான் எல்லாரும் கேக்கிற."

மதினி விரலால் தொட்டுப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மண்ணையா முகத்தில பூசிற?"

"ஓம் மதினி. முகம் நல்லாப் பளபளக்கும்."

"அப்படியெண்டா எனக்கும் பூசிவிடு. கலியாண வீட்டுக்குக் கொண்டுபோற முகம்தானே."

வேறு வழியில்லை. பேசினைச் சமையலறைக்குள் கொண்டுபோய், மேலே தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மண்ணைத் தேத்தண்ணி வடியில் வடித்து, தயிரும் மஞ்சளும் பன்னீரும் கலந்தேன். இது கழுவிய மண் இல்லை, கழுவுவதற்கு வைத்திருந்த சுத்தமான மண் என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். மதினி கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முக்காடு மறைக்கிற இடம் வரைக்கும் வெளுத்து, அதற்குக் கீழே வெயிலில் கறுத்த முகம். நெற்றியில், கன்னத்தில், நாடியில் அந்த மண்ணைப் பூசினேன். என் கை கூசியது. அவர் அசையவே இல்லை. கழுவிவிட்டபோது, "குளிர்ச்சியா இரிக்கிகா" என்றார். அதைக் கேட்டுக் கலியாணப் பெண்ணின் உம்மாவும் தனக்குப் பூசச் சொல்லிப் படுத்துவிட்டார்.

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று மாலை குளிசை கொடுக்கப் போனபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் கலியாணம். காலையிலிருந்தே வீடு நிறையப் பெண்கள். ஒருத்திக்குப் புருவம், ஒருத்திக்கு ப்ளீச், மருதோன்றி காயாத கையோடு இரண்டு பேர் தரையில். காலைக் குளிசைக்கு நான் பின்பக்கம் போகவே இல்லை. போனால் யாராவது பின்னால் வருவார்கள் என்று பயம். கழுத்தில் புண் ஆகியிருந்ததால் கயிற்றை முந்தின நாள்தான் தளர்த்திக் கட்டியிருந்தேன். வழக்கமான நேரம் தாண்டியும் நான் வராததால், நாய் கழுத்தைக் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு என்னைத் தேடி வந்துவிட்டது. சமையலறையைத் தாண்டி முன்னறை வாசலில் வந்து, பின்னங்காலை மடக்க முடியாமல் ஒருபக்கமாகச் சரிந்து இருந்தது.

ஒருத்தி வீரிட்டுக் கத்தினாள். முகத்தில் ப்ளீச்சோடு இன்னொருத்தி கட்டிலில் ஏறி நின்றாள். "நாய்! வீட்டுக்குள்ள நாய்!"

"ஆருட நாய் இது?" என்று கலியாணப் பெண்ணின் உம்மா கேட்டார்.

"ஆருடயோ தெரியா. தெரு நாய்தான். பின்கேற் திறந்து கிடந்திரிக்கும்" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் நாய் வாலை ஆட்டியது. தெரு நாய் அப்படி வாலை ஆட்டாது. எல்லோரும் அதையும் என்னையும் பார்ப்பதுபோல் எனக்குப் பட்டது. சுவரோரம் இருந்த தும்புத்தடியை எடுத்தேன். அறை கூட்டுகிற அந்தத் தடியால் முதலில் தரையில்தான் அடித்தேன். அது போகவில்லை. நான் அடிப்பேன் என்று அதற்குத் தெரியாது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாலை ஆட்டியது. "ச்சீ, போ!" என்று கத்திக்கொண்டு முதுகில் அடித்தேன். புது முடி அரும்பிய இடத்தில்.

அது கத்தவில்லை. எழும்பி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்த வழியே போனது. நான் தும்புத்தடியோடு பின்னாலேயே போய், பின்கேற்றுக்கு வெளியே துரத்தி, கொண்டியைப் போட்டேன். திரும்பி வந்து, பாதியில் விட்ட பெண்ணின் முகத்தைப் பிடித்து, நூலை வாயில் வைத்தேன். நூல் நழுவி அவளுடைய தோலைக் கிள்ளியது. "பாவம், சொறி நாய்" என்று யாரோ சொன்னார்கள். மதினி மூலையில் இருந்து காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கலியாண வீட்டுக்குப் புறப்பட்டுப் போனதும் மழை தொடங்கியது. பின்கேற்றைத் திறந்து பார்த்தேன். ஒழுங்கையில் ஒன்றும் இல்லை. நான் வாறவரைக்கும் உசிரோட வெச்சிரு என்று தோழி சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. நோயான நாய், குளிசை இல்லை, மழை. குடையைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தால், மதினி கலியாணத்துக்கு உடுத்த பட்டுச் சாரியோடு கதிரையில் இருந்தார்.

"நீங்க போகல்லயா மதினி?"

"நீ போகல்லயா?"

"எனக்குத் தலையிடி."

"எனக்கும் தலையிடிதான். ஆட்டோவுக்குச் சொல்லு, அந்த நாயத் தேடுவம்."

"எந்த நாய் மதினி?" என்று கேட்டேன். அப்போதும் கேட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் கேள்விக்காக முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நீ குளிசை குடுத்து வளக்கிற நாய்" என்றார் மதினி.

தோழியின் வீட்டுக்கு முதலில் போனோம். பழைய இடம் தேடிப் போயிருக்கும் என்று நம்பினேன். கேற்றில் பூட்டுத் தொங்கியது, படியில் உதிர்ந்த இலைகள்தான் நனைந்து கிடந்தன. சந்தைப் பக்கம், பஸ் நிற்கிற இடம், இறைச்சிக்கடை ஒழுங்கை, எங்கும் தேடினோம். மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு நாய்க்காக இப்படிக் கேட்கலாமா என்ற யோசனைகூட வரவில்லை. கடைசியில் கடற்கரைக்குத் திருப்பச் சொன்னேன். கரையில் ஏற்றி வைத்திருந்த தோணிகளில் ஒன்றின் அடியில் பழுப்பாக ஏதோ தெரிந்தது.

ஓடிப்போய்க் குனிந்தேன். அதுதான். முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்தது. "ச்சூ, இஞ்ச வா, இஞ்ச" என்றேன். என்னைக் கண்டதும் இன்னும் உள்ளே ஒடுங்கியது. என் குரல் கடல் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. பக்கத்து வாடியில் மழைக்கு ஒதுங்கி வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த மீன்காரர்கள் என்னையே பார்த்தார்கள். அதில் ஒருவருடைய மனைவி என்னிடம் மாதம் தவறாமல் புருவம் எடுக்க வருகிறவள்.

"அதுக்குப் பேரில்லயா?" மதினி பின்னாலிருந்து கேட்டார்.

"இரிக்கு."

"அப்ப பேரச் சொல்லிக் கூப்பிடுகா."

அபாயா நனைந்து உடம்போடு ஒட்ட, ஊர் ஆண்கள் பார்த்திருக்க, நான் ஒரு நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தரம் குரல் உடைந்துவிட்டது. அடுத்த தரம் சத்தமாக, கத்திக் கூப்பிட்டேன். அந்தப் பெயரை நான் வாய்திறந்து சொன்னது அன்றுதான். நாய் காதைத் தூக்கியது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்து, தலையை என் மடியில் வைத்தது.

நான் ஈர மணலில் குந்தியிருந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அது என் கையை நக்கியது, நாடியை நக்கியது. ஏழு தரத்தை எந்த இடத்திலிருந்து தொடங்குவதென்றே தெரியாத அளவுக்கு இருவரும் நனைந்திருந்தோம்.

ஆட்டோக்காரர் தயங்கினார். "ராத்தா, இது நாயெல்லோ..." என்று இழுத்தார்.

"வீட்டடியில நிப்பாட்டு மகன், கழுவித் தாறம். மண்ணும் எங்களிட்ட இரிக்கி" என்றார் மதினி.

நாய் என் காலடியில் கிடந்தது. ஆட்டோ ஓடும்போது மதினி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"எங்கட வயல் வாடியில ரெண்டு நாய் கிடக்கு. வயலுக்குள்ள ஆனை வந்தா அதுகள்தான் முதல்ல குரைக்கிற. இல்லாட்டி நான் எப்பயோ மௌத்து. எங்கட வாடியிலயும் பைப்படியில ஒரு பேசின் மண் இரிக்கி."

"அப்ப நேத்தே தெரியுமா மதினி?"

"தெரியாமயா? பின்னேரம் நீ குளிசை குடுத்ததயும் கண்டன்."

"தெரிஞ்சுகொண்டா முகத்தில பூசச் சொன்ன?"

"ரெண்டு பொம்புளையளுக்கு முன்னால உன்ட மானம் போகக் கூடாதே. அதுக்குத்தான் பூசிக்கொண்டு கிடந்தன்." இப்போது என் பக்கம் திரும்பினார். "நாய் வெச்சிரிக்கிறதுக்கு வெக்கப்படத் தேவையில்லகா. அதுக்கு அடிச்சாய் பாரு, அதுதான் எனக்கு வெக்கமாப் போச்சு."

வீட்டுக்கு வந்து நாயைத் துடைத்துக் குளிசை கொடுத்துப் படுக்க வைத்தோம். பிறகு மதினி பட்டுச் சாரியை இடுப்பில் செருகிக்கொண்டு பைப்படியில் நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"அந்த ஃபேஸ் பேக்க எடுத்துக்கொண்டு வா" என்றார்.

அவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் கழுவினேன். அழுதுகொண்டே கழுவினேன். ஆட்டோவையும் கழுவினோம்.

மதிலோரம் சாத்திய தகரத்தை அன்றே எடுத்துவிட்டேன். ஊருக்குத் தெரிந்தது. சிலர் வருவதை நிறுத்தினார்கள். பெரும்பாலானவர்கள் முதலில் நாயைப் பற்றி ஒரு பாட்டம் விசாரித்துவிட்டுப் பழையபடி கதிரையில் சாய்ந்தார்கள். நான் பயந்த அளவுக்கு என் மானத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. தோழி வீடியோவில் கூப்பிடும்போது சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஆனால் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல நினைத்து வாயைத் திறப்பேன், அவள் இருமுவாள், பிறகு சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

அவள் திரும்பி வந்தாள். கொழும்பிலிருந்து வந்த மறுநாளே ஆட்டோவில் என் வாசலில் இறங்கினாள். மெலிந்து, என் தோளுக்குள் அடங்கிவிடுகிற அளவுக்கு இருந்தாள். கேற்றில் நின்று அவள் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அது பின்பக்கத்திலிருந்து கால்களை இழுத்துக்கொண்டே ஓடிவந்து அவளைச் சுற்றிச் சுற்றி முனகியது. அவள் அதன் முதுகைத் தடவி, "முடியெல்லாம் வளந்திட்டுதே" என்று அழுதாள். தலையை மூடியிருந்த துணி சரிந்தது. அவளுக்குத்தான் முடியில்லை. புருவமும் இல்லை.

"கொண்டுபோக முந்தி எனக்கொரு புருவம் வரைஞ்சு விடு. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போகோணும்" என்றாள்.

கதிரையில் சாய்த்தேன். நாய் முன்வாசற்படியில் அவளைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. பென்சிலைச் சீவினேன். எலும்பைத் தடவிப் பார்த்து, பழைய வளைவை நினைத்து, ஒரு பக்கப் புருவத்தை வரைந்து முடித்தேன். சீவிய தூள் தரையில் கிடந்தது. பழக்கம், யோசிக்கவில்லை, கை நீட்டிச் சுவரோரம் இருந்த தும்புத்தடியை எடுத்தேன்.

நாய் துள்ளி எழும்பியது. பின்னங்கால் வழுக்க, தரையோடு தரையாகப் பதுங்கி வந்து, அவளுடைய கதிரைக்குக் கீழே நுழைந்து நடுங்கியது.

தோழி குனிந்து நாயைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் புருவம் இருந்த அந்த முகத்துக்கு முன்னால் எனக்குப் பொய் ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தெரு நாய் என்று சொன்னதை, எந்த இடத்தில் அடித்தேன் என்பதை, அது வாலை ஆட்டிக்கொண்டிருந்ததை, சத்தத்தைக் குறைத்து வைத்த போனைக்கூடச் சொன்னேன்.

அவள் ஒரு கையைக் கீழே தொங்கவிட்டு நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

பிறகு தலையைக் கதிரையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மத்தப் புருவத்தையும் வரைகா" என்றாள்.

தும்புத்தடியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து வரைந்தேன்.